அமுக்கிவிட்டார்களா இல்லையா: ஒரு நோட்டை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

"சிசாரோவை அமுக்கிட்டாங்கடா" என்று, அதாவது WWE மல்யுத்தக் கம்பெனி தன் வீரர் சிசாரோவை வளரவிடவில்லை என்று, என் தம்பியோடு வருடக்கணக்கில் சண்டை போட்டவன் நான். அவன் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே எழுதி வைக்கிற ஆட்டத்துல தோத்தா அது எப்படி அநியாயம்?" பதில் சொல்லத் தெரியவில்லை. அப்போது போட்ட நோட்டுதான் இது.

முதலில் வெற்றி தோல்விக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். டேனியல் பிரையன் என்ற வீரர், WWE-யின் வருடாந்தரப் பெருவிழாவான ரெசில்மேனியாவில் 2012இல் ஷேமஸிடம் 18 விநாடியில் தோற்றார். மறுநாள் 'ரா' (Raw) என்ற வாராந்தர டிவி நிகழ்ச்சியில் அரங்கமே "யெஸ்! யெஸ்!" என்று கத்தியது. அந்தத் தோல்விதான் அவரைத் தூக்கிவிட்டது.

நோட்டில் எழுத வேண்டியது, கூட்டம் ஒருவரைக் கொண்டாடிய நாளும் அதற்கு அடுத்த இரண்டு மாதமும். சிசாரோவுக்கு அந்த நாள் 2014 ஏப்ரல் 6. ரெசில்மேனியா 30. மலை மாதிரி நின்ற பிக் ஷோவை அலாக்காகத் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே போட்டு, பழைய மல்லர் ஆந்த்ரேயின் நினைவுக் கோப்பையை வாங்கினார். மறுநாளே, வீரர்களுக்காக மைக் பிடித்துப் பேசும் மேனேஜர் பால் ஹேமன் அவர் பக்கம் வந்து நின்றார். மைக்கில் ஹேமனை மிஞ்ச ஆளில்லை. இனி இவர் காட்டில் மழைதான் என்று நினைத்தேன். ஆனால் ஹேமன் வாயைத் திறந்தால் வந்ததெல்லாம் அவருடைய இன்னொரு வீரர் பிராக் லெஸ்னர், ஜாம்பவான் அண்டர்டேக்கரை வீழ்த்திய பெருமை. சிசாரோ பக்கத்தில் சும்மா நின்றார். சில மாதத்தில் அந்தக் கூட்டணியும் கலைந்தது. ஆகவே, ஒவ்வொரு வாரமும் "யார் பேசினார், யாரைப் பற்றிப் பேசினார்" என்று ஒரு வரி எழுதுங்கள். எத்தனை நிமிடம் ஆடினார் என்பதைவிட இது அதிகம் சொல்லும்.

காயத்தைத் தனியாகக் குறியுங்கள். 2014 ஜூனில் பிரையனிடமிருந்து பெல்ட் (சாம்பியன் பட்டம்) போனது கழுத்து அறுவை சிகிச்சையால். அதில் சதி தேடாதீர்கள்.

அவர்கள் எழுதி நடிக்கும் கதையைச் சாட்சியாக எடுக்காதீர்கள். 2013 சம்மர்ஸ்லாம் விழாவில் பிரையன் ஜான் சீனாவை வென்ற சில நிமிடத்தில், கதையில் முதலாளி தரப்பான டிரிபிள் எச் அவரை அடித்துப் போட, ராண்டி ஆர்டன் பெல்ட்டைத் தட்டிப் போனார். முதலாளிக்கு இவரைப் பிடிக்கவில்லை என்பதுதான் அங்கே கதையே. ஒருவர் பின் ஒருவராக 30 பேர் இறங்கும் ராயல் ரம்பிள் போட்டியில் 2014இல் நடந்ததோ வேறு சமாச்சாரம். 30ஆவது ஆளாக வந்தது பிரையன் இல்லை என்றதும், பாவம், ரே மிஸ்டீரியோவையே கூட்டம் கூச்சலிட்டு விரட்டியது. அந்தக் கோபத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம், நிஜ முதலாளி வெளிப்படையாகச் சொன்னது. 2014 டிசம்பரில் முன்னாள் வீரர் ஸ்டீவ் ஆஸ்டினுடன் பேசும்போது, அப்போது WWE-யை நடத்திய வின்ஸ் மெக்மஹன், சிசாரோ மக்களோடு ஒட்டவில்லை என்ற பொருளில் சொன்னார். ஒட்டவைக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே முந்தைய பக்கங்களைப் புரட்டுங்கள். என் நோட்டில் லெஸ்னர் பெயர்தான் நிறைய இருந்தது.

2021 மே மாதம் சிசாரோ அப்போதைய சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸோடு மோதித் தோற்றார். 2022இல் WWE-யைவிட்டு வெளியேறினார், உலக சாம்பியன் பெல்ட் அங்கே கடைசிவரை கிடைக்கவில்லை. என் தீர்ப்பு: அமுக்கத்தான் செய்தார்கள். ஆனால் வன்மத்தால் அல்ல, அக்கறை இல்லாததால்.

தம்பி முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2015 ரெசில்மேனியாவில் டாங்கியில் ஏறி வந்து சீனாவிடம் தோற்றுப் போன ருசெவுக்கு இப்போது அவனே ஒரு நோட்டுப் போட்டிருக்கிறான்.