சத்தம் நின்றால் கருவி அணைந்துவிட்டதா? பேட்டரி தோட்டக் கருவிகளில் நாம் செய்யும் தவறுகள்

பெட்ரோல் இயந்திரம் ஓடினால் தெருவுக்கே கேட்கும். கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும், புகையும், அதிரும். நிறுத்தினால் அடங்கிவிடும். பேட்டரிக் கருவி அப்படியல்ல. பேட்டரி சொருகியிருக்கும் வரை அது வெட்டத் தயாராகவே இருக்கிறது, ஆனால் சத்தம் காட்டாது. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த அமைதியை நம்பியதால் வந்தவைதான்.

என் கதையையே சொல்கிறேன். வேலிச்செடியை வெட்டிக்கொண்டிருந்தபோது ஹெட்ஜ் டிரிம்மரின் பற்களுக்கு நடுவே விரல் பருமனில் ஒரு குச்சி மாட்டி, பிளேடு நின்றுவிட்டது. விசையை விட்டேன், சத்தம் இல்லை. சரி என்று குனிந்து குச்சியைப் பிடித்து இழுத்தேன். குச்சி வந்த அதே நொடியில் பிளேடு ‘டக்’கென்று அரைப் பல் தூரம் நகர்ந்தது. கையுறையின் ஆள்காட்டி விரல் நுனியில் நேர்க்கோடாக ஒரு கிழிசல். உள்ளே விரல் தப்பித்தது என் சாமர்த்தியம் அல்ல, கையுறை ஒரு அளவு பெரிது, அவ்வளவுதான்.

அதில் இரண்டு தவறுகள் இருந்தன. பேட்டரியைக் கழற்றாமல் கை வைத்தது முதல் தவறு, அது எல்லோருக்கும் தெரியும். கழற்றியிருந்தாலும் விரலை விட்டிருக்கக் கூடாது என்பது இரண்டாவது. சிக்கி நின்ற பிளேடில் இறுக்கம் தேங்கியிருக்கும், அடைப்பு விலகியதும் கொஞ்சம் நகரும். அதனால் முதலில் பேட்டரி வெளியே, அப்புறம் ஒரு மரக்குச்சியாலோ குறட்டாலோ அடைப்பை எடுக்க வேண்டும். சுத்தம் செய்வது, பிளேடு மாற்றுவது, செயினை இறுக்குவது, இன்னொருவர் கையில் கொடுப்பது எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான்.

கிளை நறுக்கும் பேட்டரி கவாத்துக் கத்தரி பார்க்கச் சாதுவாக இருக்கும், என்னைக் கேட்டால் இந்தக் கூட்டத்தில் அதிகம் பயப்பட வேண்டியது அதற்குத்தான். கையால் அழுத்தும் கத்தரியில் கிளை எவ்வளவு கெட்டி என்று உள்ளங்கை உணரும், தவறான இடம் பட்டால் கை தானாகத் தளரும். மோட்டார் கத்தரிக்கு அந்த உணர்வு கிடையாது. 25 மில்லிமீட்டர் கிளையை ஒரே மூச்சில் துண்டிக்கும் அதற்கு விரலும் ஒரு கிளைதான். திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான விலை உயர்ந்த சில மாடல்களில் உடல் பட்டால் கத்தி நிற்கும் ஏற்பாடு உண்டு. சாதாரண மாடல்களில் அதை எதிர்பார்க்க முடியாது. இங்கே வழக்கமான தவறு, வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மற்றக் கையால் கிளையைப் பிடித்துக்கொள்வது. பிடித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள், இல்லையென்றால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கருவியின் அளவை மீறிய கிளையை வாயில் கொடுத்துவிட்டு, வெட்டுப்படாதபோது கத்தரியை இப்படியும் அப்படியும் திருகுவது. கத்தியின் விளிம்பு உடைவது அப்படித்தான்.

கைக்கு அடக்கமான மினி செயின் சாவை, அதாவது சிறிய சங்கிலி ரம்பத்தை, ஏதோ பொம்மை மாதிரி ஒரு கையில் பிடித்து, மறு கையில் கிளையைப் பிடித்து அறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சங்கிலி சுற்றி ஓடும் தட்டைத் தகடான பாரின் நுனியில், மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் சங்கிலி மரத்தைக் கவ்வி, கருவி முழுவதும் ஆளை நோக்கி மேலே எகிறும். பெரிய செயின் சாவில் அந்த நேரத்தில் சங்கிலியை நிறுத்த பிரேக் இருக்கும். பல மினி மாடல்களில் அது கிடையாது. நுனியால் குத்தி அறுக்காதீர்கள், முகத்துக்கு நேர் எதிரே வைத்து அறுக்காதீர்கள், தலைக்கு மேலே தூக்கி அறுக்கவே வேண்டாம். வளைந்து இறுகி நிற்கும் கிளையை ஒரே வெட்டில் அறுத்தாலும் அது சாட்டையாகத் திரும்பும். மின்கம்பி போகும் மரத்தில், ‘இதில் வயரே இல்லையே’ என்ற தைரியம் உதவாது. கருவிக்கு வயர் இல்லை, ஆனால் மேலே இருக்கும் கம்பியில் மின்சாரம் இருக்கிறதே!

புல்வெட்டியில் சுழன்று புல்லை வெட்டும் நைலான் நரம்பு அடிக்கடி அறுகிறது என்று இரும்புக் கம்பியைக் கட்டுவது ஒரு பழைய யுக்தி. அறுந்த துண்டு எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய நரம்பு காய்ந்து நொறுங்கினால் ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போடுங்கள், நைலான் ஈரத்தை உறிஞ்சி மறுபடி வளைந்து கொடுக்கும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பக்கத்தில் ஆட்களை 15 மீட்டருக்குள் விடக் கூடாது.

‘பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, மாற்ற வேண்டும்’ என்று யாராவது சொன்னால், முதலில் கத்தியைக் காட்டச் சொல்வேன். கூர் மழுங்கினால் மோட்டார் திணறும், கரண்ட் அதிகம் இழுக்கும், பேட்டரி சுடும், பாதுகாப்பு சர்க்யூட் நடுவில் அணைத்துவிடும். ஆள் விசையை மறுபடி மறுபடி அழுத்துவார். செயின் சா கூராக இருக்கிறதா என்று விழும் தூளைப் பார்த்தே சொல்லலாம். சீவல் சீவலாக விழுந்தால் நல்லது. மாவு மாதிரி விழுந்தால் அரம் போட வேண்டும். எண்ணெய் இல்லாமல் ஓட்டினாலும் இதே கதைதான். பல மினி சாக்களில் எண்ணெய் தானாக வராது, நாம்தான் பாரில் சொட்டுவிட வேண்டும். வண்டியில் வடித்த பழைய என்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள், உலோகத் துகளும் நச்சும் கலந்த அது தோட்ட மண்ணில்தான் போய்ச் சேரும். செயினை ஆறிய பிறகே இறுக்குங்கள். சூட்டில் நீண்டிருக்கும்போது இறுக்கினால், ஆறும்போது சுருங்கி பாரை நெரிக்கும்.

வேலை முடிந்ததும் குழாயடியில் பிடித்துக் கழுவுவது எதற்கும் ஒத்துவராது. பிரஷ், ஈரத்துணி, பிசின் ஒட்டிய இடத்தில் பிசினைக் கரைக்கும் திரவம், கடைசியில் பிளேடில் மெல்லிதாக எண்ணெய். அது போதும்.

இனி பேட்டரி. 88 வோல்ட் என்று நினைக்க வைக்கும்படி லேபிளில் 88VF என்று எழுதிய மலிவு மினி சாக்கள் பல உண்டு. பேட்டரியைப் பிரித்தால் பெரும்பாலும் 5 லித்தியம் செல்கள்தான் வரிசையில் இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட் என்றால் மொத்தம் 18, முழுச் சார்ஜில் 21. அந்தப் பெரிய எண்ணை நம்பி வேறு சார்ஜரில் மாட்டுவதும், சொருக முடிகிறதே என்று வேறு கம்பெனி பேட்டரியைப் போடுவதும் நெருப்போடு விளையாடுவது. வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், அரைமணி நேரம் ஆறட்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும்.

பல மாதம் எடுக்கப்போவதில்லை என்றால் முழுதாக ஏற்றியும் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். பாதிச் சார்ஜில், கருவியிலிருந்து கழற்றி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஆணி, சாவி கிடக்கும் டப்பாவில் போட்டால் முனைகள் ஷார்ட் ஆகும். உப்பியிருந்தாலோ, கீழே விழுந்து நசுங்கியிருந்தாலோ, இனிப்பும் ரசாயனமும் கலந்த வாடை வந்தாலோ ‘ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பார்க்கலாம்’ என்ற ஆசை வேண்டாம். எரியும் பொருள் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள். முனைகளில் டேப் ஒட்டி, பழைய பேட்டரி வாங்கும் சேகரிப்பு இடத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பைக் கூடையில் போட்டால், குப்பை வண்டியில் நசுங்கும்போது அது அங்கே தீப்பிடிக்கலாம்.