சபையில் ஒருமனம்: கணக்கிலிருந்து தொடங்குங்கள்

ஒரு சபை இரண்டாகப் பிரியும்போது ஞானஸ்நானம், அந்நியபாஷை, ஆராதனை முறை என்று ஏதாவது ஓர் உபதேசக் காரணம் வெளியே சொல்லப்படும். உள்ளே போய் உட்கார்ந்து கேட்டால் வேறு கதை வரும். கணக்கு வாசிக்கப்படாமல் போன வருடம் ஒன்று இருக்கும். ஒருவரைப் பற்றி இன்னொருவர் மூன்றாமவரிடம் சொன்ன வார்த்தை ஒன்று இருக்கும். உபதேசம் அதற்கப்புறம் வந்து சேர்ந்ததுதான்.

நான் தொழிலால் கணக்குத் தணிக்கை செய்பவள். சபையில் நெடுங்காலம் பொருளாளராக இருந்தேன். அந்தப் பழக்கத்தில், யாருக்காவது மனத்தாங்கல் என்றால் "சிஸ்டர், நீங்க கொஞ்சம் வந்து உட்காருங்க" என்று கூப்பிடுவார்கள். "ஐக்கியத்துக்காக இதைக் கண்டுகொள்ளாம விட்டுடலாமே" என்ற பேச்சை அப்படிப்பட்ட இடங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. கண்டுகொள்ளாமல் விட்ட காரியங்கள்தான் பின்னால் ஆளை ஆளிடமிருந்து பிரிக்கின்றன. ஆகவே செய்ய வேண்டியவற்றை நான் பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காணிக்கைப் பெட்டி

எருசலேமிலுள்ள ஏழை விசுவாசிகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் சேர்ந்த பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவை அனுப்புகிறார், சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூட அனுப்புகிறார், பின்னும் ஒருவரைச் சேர்க்கிறார். காரணத்தையும் 2 கொரிந்தியர் 8-இல் மறைக்காமல் எழுதுகிறார்: இந்தப் பணத்தைக் குறித்து யாரும் எங்களைக் குற்றப்படுத்தக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்கப் பார்க்கிறோம். "ஆண்டவருக்குத் தெரியும், அது போதும்" என்று சொல்லும் பொருளாளருக்கு நான் காட்டும் வேத அதிகாரம் இதுதான். பவுலுக்கே அது போதவில்லை.

பெட்டியை இரண்டு பேர் திறக்க வேண்டும். அந்த இருவரும் கணவன் மனைவியாகவோ அண்ணன் தம்பியாகவோ இருக்கக் கூடாது. எண்ணி முடிக்கும்வரை பணம் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. "வீட்ல போய் எண்ணிக்கிறேன்" என்பது நல்லவரையும் சந்தேகத்தில் மாட்டிவிடும். தொகையைப் பேனாவால் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, வங்கி திறந்தவுடன் அப்படியே கட்டிவிடுங்கள். செலவுகளை அதிலிருந்து எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டுவது கூடவே கூடாது. நான் பார்த்த கணக்குக் குழப்பங்களில் பாதிக்கு வேர் அங்கேதான். கட்டடத்துக்கென்று வந்த பணம் கட்டடத்துக்கே. செலவுக்கு அனுமதி தருகிறவர் ஒருவர், பணத்தை எடுத்துக் கொடுக்கிறவர் வேறொருவர். கணக்கைச் சபையார் முன்னால் சத்தமாக வாசியுங்கள். கேள்வி கேட்க நேரமும் கொடுங்கள்.

யாராவது "என்னை நம்பலையா?" என்று கேட்பார். கண்டிப்பாகக் கேட்பார். "நம்புகிறோம் பிரதர், நாளைக்கு வேறு யாரும் உங்களைப் பேசிவிடக் கூடாது என்றுதான் இது" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. ரசீது இருக்கிறவரைப் பற்றி வதந்தி வந்தால் அவர் காகிதத்தை எடுத்து நீட்டுகிறார், விஷயம் முடிகிறது.

இதோடு சேர்த்து, நிலத்தை விற்று ஒரு பகுதியை மட்டும் சபைக்குக் கொண்டுவந்த அனனியா, சப்பீராள் தம்பதியின் கதையை மறுபடி வாசித்துப் பாருங்கள். நிலத்தை விற்குமுன் அது உன்னுடையதாய் இருந்தது, விற்ற பின்பும் பணம் உன் வசத்தில்தான் இருந்தது என்று பேதுருவே சொல்கிறார். குறைவாகக் கொடுத்ததற்காக அவர்கள் கேட்கப்படவில்லை. கொடுத்தது முழுவதும் என்று காட்டிக்கொண்டார்கள். சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். காய்ச்சல் குணமானதைக் காய்ச்சல் என்றே சொல்லுங்கள். அதைப் பெரிய வியாதியாக்கினால் ஆண்டவருக்கு மகிமை கூடிவிடாது.

உங்கள் சொந்தக் கணக்கு

சபைக் கணக்கைக் கேட்கிறவர் தன் கணக்கைச் சரியாக வைத்திருக்க வேண்டும். கன்வென்ஷனுக்குப் போவதற்காகப் பொய்யான மருத்துவச் சான்றிதழ் கொடுத்து விடுப்பு எடுத்த விசுவாசிகளை எனக்குத் தெரியும். அங்கே போய்க் கண்ணீரோடு பாடியும் இருக்கிறார்கள். அலுவலக நேரத்தில் வேதம் வாசிப்பதும் இதே வகைதான். அந்த மணிக்குச் சம்பளம் கொடுத்தவருக்கு அது சொந்தம். தானியேலை வீழ்த்த நினைத்தவர்கள் முதலில் துழாவியது அவருடைய ராஜாங்க வேலையைத்தான். அங்கே குற்றமும் குறைவும் அகப்படாததால்தான் அவருடைய ஜெபத்தின் பக்கம் திரும்பினார்கள். நம்மிடம் குற்றம் தேடி வருகிறவர்களுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்?

யாருக்காவது பணமோ பொருளோ பாக்கி இருந்தால், முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு விஷயம் முடிந்ததாக நினைக்காதீர்கள். லேவியராகமம் 6 அபகரித்த முதலையும் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கையும் உடையவனுக்கே கொடுக்கச் சொல்கிறது, அதுவும் பலி கொண்டுவரும் அந்த நாளிலேயே. வரி வசூலிப்பவரான சகேயு நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு என்றார். நம்மால் முதலே கொடுக்க முடியாத நிலை இருக்கலாம். அப்படியானால் கடன் கொடுத்தவர் உங்களைத் தேடி வருமுன் நீங்கள் அவரிடம் போங்கள். "மாதாமாதம் இவ்வளவுதான் முடியும்" என்று ஒரு தொகை சொல்லி, அது சிறியதானாலும் தவறாமல் கொடுங்கள். கடன் வாங்கினவர் ஆராதனையில் முன்வரிசையில் கைதட்டிப் பாடிக்கொண்டிருக்க, கொடுத்தவர் பின்வரிசையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த இருவருக்கிடையில் ஒருமனம் எப்படி வரும்? சபைக்குள் கடன் கொடுப்பதாக இருந்தால் தொகையையும் தேதியையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வராவிட்டாலும் தாங்கும் என்கிற தொகையை மட்டும் கொடுங்கள்.

வார்த்தையும் கடன்தான். "ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறப்பது நம்மிடையே சகஜமாகிவிட்டது. இதற்கு ஒரே வழி, சொன்ன இடத்திலேயே நின்று இரண்டு நிமிடம் ஜெபித்துவிடுவது. முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொன்னார் இயேசு. நம் கமிட்டிகளில் "பார்க்கலாம், ஆண்டவர் நடத்துவார்" என்ற மூன்றாவது பதில் ஒன்று உண்டு. அதை நம்பி நாற்காலி அடுக்க ஆள் வராமல் போன ஞாயிறுகள் எத்தனையோ.

மனத்தாங்கல் வந்தால்

யோசுவா 22-ஐ நம் சபைகளில் போதுமான அளவு வாசிப்பதில்லை என்பது என் குறை. ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரம் ஆகியோர் சகோதரரோடு சேர்ந்து போராடி முடித்து, யோர்தானுக்கு அக்கரையிலுள்ள தங்கள் இடத்துக்குத் திரும்புகிறார்கள். வழியில் யோர்தான் ஓரத்தில் பார்வைக்குப் பெரிதான ஒரு பலிபீடம் கட்டுகிறார்கள். செய்தி காதில் விழுந்ததும், கர்த்தருடைய பலிபீடத்துக்குப் போட்டியாக வேறொன்று எழும்புகிறது என்று எண்ணி மற்ற இஸ்ரவேலர் சீலோவில் கூடிவிட்டார்கள், யுத்தத்துக்கு. யாரும் போய் என்ன என்று கேட்கவில்லை.

ஆனால் படை புறப்படுமுன் ஆசாரியனாகிய பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பினார்கள். போனவர்கள் கடுமையாகத்தான் பேசினார்கள், முன்பு தன் திருட்டால் எல்லார்மேலும் தண்டனை வரவைத்த ஆகானையெல்லாம் நினைவுபடுத்தினார்கள். அதோடு, உங்கள் தேசம் தீட்டென்று தோன்றினால் எங்கள் பக்கம் வாருங்கள், எங்கள் நடுவே நிலம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். கண்டிக்கப் போகும்போது தன் பங்கிலிருந்து விட்டுக்கொடுக்கவும் தயாராகப் போனார்கள். பதில் வந்தது: இது பலியிடுவதற்கு அல்ல, நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, கர்த்தரோடு உங்களுக்குப் பங்கில்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் கட்டிய சாட்சி. பினெகாஸ் கேட்டார், ஏற்றுக்கொண்டார், திரும்பினார். யுத்தப் பேச்சு அதோடு நின்றது.

அக்கரைக்காரர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஊருக்கே தெரியும் அளவுக்கு ஒன்றைக் கட்டுகிறவர்கள், கட்டுமுன் ஆளனுப்பிச் சொல்லியிருக்கலாம். வாலிபர் கூட்டத்தின் நேரத்தை மாற்றுவதோ, புதிய ஜெபக்குழு தொடங்குவதோ எதுவானாலும், பாதிக்கப்படுகிறவர்கள் அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

என்னிடம் யாராவது இன்னொருவரைப் பற்றிக் குறை சொல்ல வந்தால் நான் முதலில் கேட்பது, "அவர்கிட்ட சொன்னீங்களா?" என்றுதான். இல்லை என்றால் பேச்சை அங்கே நிறுத்திவிடுவேன். மத்தேயு 18-இன் வரிசை அது: முதலில் தனியாக, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்கு. நாம் பெரும்பாலும் கடைசியிலிருந்து ஆரம்பித்து மேலே வருகிறோம். தனியாகப் போகும்போது வாட்ஸ்அப் வேண்டாம்; நேரில் போங்கள், முடியாவிட்டால் போன் பண்ணுங்கள். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்காதீர்கள். நடந்த ஒரு செயலை, நடந்த நாளோடு சொல்லி, "நான் இதை இப்படி எடுத்துக்கிட்டேன், சரியா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிப் பகுதிதான் கடினம். இரண்டாம் கட்டத்துக்கு அழைத்துப்போகிறவர்கள் உங்கள் கட்சிக்காரர்களாக இருக்கக் கூடாது. அவரும் மதிக்கிறவர்களாக இருக்க வேண்டும்.

"ஜெபத்துக்காகத்தான் சொல்றேன், வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று தொடங்கும் பேச்சை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். பெயரும் விவரமும் இல்லாமலும் ஜெபிக்கலாம். ஆண்டவருக்கு விலாசம் தெரியும்.

இந்த வரிசைக்கு நான் விதிவிலக்கு வைத்திருக்கிறேன். அடி உதை, பாலியல் அத்துமீறல், குழந்தைக்கு நேர்ந்த கொடுமை ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவரை "முதலில் தனியாகப் போய்ப் பேசு" என்று குற்றவாளியிடம் அனுப்பக் கூடாது. அது சகோதரருக்குள் நேர்ந்த மனத்தாங்கல் அல்ல, குற்றம். பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துப் போங்கள், காவல்துறையில் புகார் கொடுக்கத் துணையாய் நில்லுங்கள். "வெளியே தெரிந்தால் சபைக்குக் கெட்டபெயர்" என்கிறவர் ஐக்கியத்தைப் பற்றிப் பேசவில்லை, பெயர்ப்பலகையைப் பற்றிப் பேசுகிறார்.

நடுவில் உட்காருகிறவர்களுக்கு

முதலில் பேசுகிறவன் நீதிமான்போல் தெரிவான் என்று நீதிமொழிகள் 18 சொல்கிறது. ஆகவே இருவரையும் தனித்தனியே கேட்காமல் யாருக்கும் தலையாட்டாதீர்கள். பிலிப்பி சபையில் எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் ஒத்துப்போகவில்லை. பவுல் இருவரையும் பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்கிறார். யார் பக்கம் தவறு என்று ஒரு வார்த்தை இல்லை. அவர்களுக்கு உதவும்படி மூன்றாவது ஆளிடம் சொல்கிறார். அவர்கள் தன்னோடு சுவிசேஷத்தில் பாடுபட்டவர்கள் என்பதைக் கூடவே நினைவுபடுத்துகிறார். நானும் இப்படித்தான் தொடங்குவேன்: இவர் சபைக்குச் செய்தது என்ன என்று எதிர்த்தரப்பைச் சொல்ல வைப்பேன். முதலில் ஐந்து நிமிடம் மௌனம் இருக்கும். இருக்கட்டும்.

ஒதுக்கப்படுகிறோம் என்று ஒரு கூட்டம் முறையிட்டால் அதை முறுமுறுப்பு என்று தள்ளாதீர்கள். அப்போஸ்தலர் 6-இல் கிரேக்கு பேசின யூதர்கள், அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவி பகிர்வதில், தங்கள் விதவைகள் விடப்படுகிறார்கள் என்றார்கள். சபை ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே பந்தி கொடுக்கப்பட்டது போலத் தெரிகிறது. நம் கமிட்டிகளின் பெயர்ப்பட்டியலை இந்தக் கண்ணோடு வாசித்தால் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று உடனே தெரியும்.

ஒத்துப்போகாவிட்டால்

சில காரியங்களில் கடைசிவரை ஒத்துப்போகாது. போஜனத்தையும் நாட்களையும் குறித்த வித்தியாசங்களை ரோமர் 14 அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறது. அவற்றை வாக்கெடுப்புக்குக் கொண்டுவராதீர்கள். பவுலும் பர்னபாவும் மாற்கு என்னும் யோவானைக் கூட அழைத்துப்போவதைக் குறித்துக் கடுமையாக முரண்பட்டுப் பிரிந்தார்கள். ஒருவர் சீப்புருவுக்கும் மற்றவர் சீரியா, சிலிசியா பக்கமும் போனார்கள். இருவரும் ஊழியத்தை விடவில்லை. பின்னாளில் அதே மாற்குவை, தனக்குப் பிரயோஜனமானவன், அழைத்து வா என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

ஒரு சபையை விட்டுப் போவதே சரி என்று தீர்மானித்தால், போதகரிடம் நேரில் போய்க் காரணத்தைச் சொல்லுங்கள். எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. சாவிகளை, ரசீதுப் புத்தகத்தை, மைக்கை, வங்கிக் கணக்கின் கையெழுத்து உரிமையைத் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். "நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்?" என்று சாமுவேல் வயதான காலத்தில் ஜனத்தின் முன் நின்று கேட்ட கேள்வியை அன்றைக்கு நீங்களும் கேட்கலாம், பதில் சொல்ல அவர்களுக்கு இடம் கொடுங்கள். கூட யாரையும் அழைத்துப் போகாதீர்கள். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கோடு இழுத்து, மீதித் தொகையை எழுத்தாலும் எண்ணாலும் எழுதி, புதிய பொருளாளரின் கையெழுத்தை உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள். சபையின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுவதாயிருந்தால் ஒரு வரி எழுதிவிட்டு விலகுங்கள்.