இனிஷியலுக்குள் ஒளிந்திருக்கும் வீட்டுப்பெயர்: சேலத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவை நடத்தியவர் டி.ஆர்.சுந்தரம். பாடகர் டி.எம்.சௌந்தரராஜனை எல்லோருக்கும் தெரியும். இருவருக்கும் முன்னால் நிற்பது ஒரே 'டி'. ஆனால் முதல் 'டி' திருச்செங்கோடு, அதாவது ஊர். இரண்டாவது 'டி' தொகுளுவா, அது மதுரை சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்றின் வீட்டுப்பெயர். ஓர் எழுத்தை வைத்து இது ஊரா, வீடா, அப்பா பெயரா என்று சொல்லவே முடியாது.

"நமக்கெல்லாம் ஏதுங்க சர்நேம், அப்பா பேர்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பாதிதான் சரி. சேலம் டவுனில் தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசுகிற வீடுகள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. குடும்பத்தைக் குறிக்க இவர்களிடம் தனியாக ஒரு பெயர் உண்டு. கொங்கு வீடுகளில் குலம் அல்லது கூட்டம், தெலுங்கு வீடுகளில் இன்டிபேரு, சௌராஷ்டிர வீடுகளில் வீட்டுப்பெயர். பள்ளிக்கூடச் சான்றிதழில் ஏறாததால் பலருக்கு அது மறந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். அதைத் தேடி எடுப்பது எப்படி என்று முதல்முறையாக இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும், போனில் ஒரு ரெக்கார்டரும் இருந்தால் போதும். ஒரே ஒரு கட்டுப்பாடு: பெயருக்கு என்ன பொருள் என்பதைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். எல்லோரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள், அங்கேயே வழி தவறுகிறார்கள்.

படி 1: இனிஷியலை உடையுங்கள்

உங்கள் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் மூன்றையும் இனிஷியலோடு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிற எழுத்து அப்பா பெயர். மாறாமல் நிற்கிற எழுத்து ஊராக இருக்கும், அல்லது வீட்டுப்பெயராக இருக்கும்.

சேலத்தில் வக்கீலாக இருந்து 1917-ல் நகராட்சித் தலைவரான ராஜாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். சி.ராஜகோபாலாச்சாரி. அந்த 'சி' சக்கரவர்த்தி. அது அவர் அப்பாவின் சொந்தப் பெயர் அல்ல, அப்பாவுக்கும் முன்னால் நின்ற குடும்பப் பெயர். மகன் பெயர் சி.ஆர்.நரசிம்மன். 'சி' அப்படியே இருக்கிறது, அப்பாவுக்கான 'ஆர்' புதிதாகச் சேர்ந்திருக்கிறது. நீங்கள் தேட வேண்டியதும் இப்படி மாறாத எழுத்தைத்தான்.

கூடவே ஓர் எச்சரிக்கை. சேலத்தின் இன்னொரு பெரிய வக்கீல், 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய விஜயராகவாச்சாரியார். அவருடைய 'சி'யும் சக்கரவர்த்திதான். ராஜாஜி பிறந்தது ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளி, இவர் பிறந்தது செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்தகளத்தூர். பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் பங்காளி என்று எழுதிவிடாதீர்கள். கோத்திரமோ கோயிலோ பூர்வீக ஊரோ சேர்ந்து வந்தால்தான் பேச்சு.

இனிஷியல் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழில் என்னவென்று கேட்டு எழுதுங்கள். 'டி' என்பது தி, து, தொ, த எதுவாகவும் இருக்கலாம்.

படி 2: பட்டத்தை ஓரமாக வையுங்கள்

கவுண்டர், செட்டியார், முதலியார், நாயுடு எல்லாம் பட்டங்கள். இவை வீட்டுப்பெயர் ஆகாது. சேலம் வட்டாரத்தில் 'கவுண்டர்' என்ற ஒரு சொல்லே போதும், ஆளைக் குழப்புவதற்கு. கொங்கு வேளாளர், வன்னியர், வேட்டுவர், குரும்பர், சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல சமூகத்தாரும் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு பல வீடுகளில் பட்டம் போய்விட்டது. வீட்டுப்பெயர் அதோடு சேர்ந்து போகவில்லை. பேச்சு வழக்கில் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

படி 3: கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி. வீட்டில் மூத்தவர்களிடம் போய் "நம்ம குடும்பப் பேர் என்ன?" என்று கேட்டால், "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே கண்ணு" என்பார்கள். அவர்களிடம் அது வேறு கேள்விகளுக்கான பதிலாக இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்:

"அப்பாரு, ஊர்ல நம்ம வீட்டை என்ன வீடுன்னு சொல்லுவாங்க?"
"பொண்ணு எடுக்கறதுக்கு எந்தக் கூட்டத்துப் பக்கமே போகமாட்டோம்?"
"துக்கம் நடந்தா யார் யாருக்கெல்லாம் நமக்குத் தீட்டு?"
"அம்மிச்சி, உங்க பொறந்த வீடு என்ன கூட்டம்?"

இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் சட்டென்று வரும். ஒரே கூட்டத்தார் அண்ணன் தம்பி முறை, அதனால் பெண் எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இந்த விவரம் யாருக்கும் மறக்காது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பெண்கள் வழி விவரத்தைப் பலரும் எழுதுவதே இல்லை, ஆனால் இரண்டு குடும்பங்களின் பெயரும் சேர்ந்து நினைவிருப்பது அவர்களுக்குத்தான். தெலுங்கு பேசுகிற வீடு என்றால் "மன இன்டிபேரு ஏமி?" என்று நேராகவே கேட்கலாம், அங்கே அந்தச் சொல்லே புழக்கத்தில் இருக்கிறது.

பதிலைக் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். 'லு' என்று முடித்தால் 'லு'. நீங்களாகத் தமிழ்ப்படுத்தி அழகாக்க வேண்டாம். அந்தக் கடைசி எழுத்துதான் பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது என்று பிறகு காட்டிக்கொடுக்கும்.

படி 4: பரணில் ஏறுங்கள்

பத்திரத்தைவிட எனக்குப் பிடித்தது மொய் நோட்டு. பழைய கல்யாண நோட்டைப் பிரித்தால் வெறும் 'ராமசாமி' என்று ஒரு வரிகூட இருக்காது. ஒரே ஊரில் நான்கு ராமசாமி இருப்பார்கள், மொய் எழுதுகிறவர் பிரித்துக் காட்டியாக வேண்டும். அதனால் 'மேட்டுக்காட்டு ராமசாமி', 'மணியகாரர் வீட்டு ராமசாமி', 'தறிக்காரர் ராமசாமி' என்று எழுதியிருப்பார். ஊர் வாயில் ஒரு வீட்டுக்கு என்ன பெயர் இருந்தது என்பதற்கு இதைவிட நேர்மையான பதிவு கிடையாது. காதுகுத்து, சீர் அழைப்பிதழ்களையும் பாருங்கள். கொங்கு வீட்டு அழைப்பிதழில் சில சமயம் குலத்தின் பெயரும் காணியூரும் (குலத்தார் உரிமை பெற்ற பூர்வீக ஊர்) அச்சிலேயே இருக்கும்.

அடுத்தது கிரையப் பத்திரம். 'இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார், பயிர்த்தொழில்' என்று ஆரம்பிக்கும் அந்த முதல் பத்தி மட்டும் உங்களுக்குப் போதும். வில்லங்கச் சான்று இணையத்தில் குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகுள்ளதுதான் கிடைக்கும். அதற்கு முந்தையது வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பழைய காகிதத்தில் 'சேலம் ஜில்லா' என்று இருப்பதைப் பார்த்து இன்றைய சேலத்துக்குள் தேடிக்கொண்டிருக்காதீர்கள். தர்மபுரி 1965-ல்தான் பிரிந்தது, நாமக்கல் 1997-ல். உங்கள் பூர்வீக ஊர் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கலாம்.

படி 5: கோயிலில் சரிபாருங்கள்

வீட்டில் சொன்ன பெயர் சரியா என்று தெரிந்துகொள்ள நல்ல இடம் குலதெய்வக் கோயில். கொங்கில் ஒரு குலத்தார் பல ஊர்களில் காணி பெற்றிருப்பார்கள். அதனால் குலத்தை ஊரோடு சேர்த்தே சொல்வது வழக்கம். சங்ககிரிப் பக்கம் 'மோரூர் கண்ணகுலம்' என்பது போல. வெறும் 'கண்ணகுலம்' பாதி முகவரிதான். திருப்பணி நன்கொடைக் கல்வெட்டு, கும்பாபிஷேக மலர், வரிக்கணக்கு நோட்டு எல்லாவற்றிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். குலத்தார் சார்பில் கோயில் காரியங்களைக் கவனிக்கும் கொத்துக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசினால் இன்னும் நான்கு ஊர் தெரியவரும்.

நெசவுத் தெருக்களில் தேவாங்கர் வீடுகள் என்றால் சௌடேஸ்வரி அம்மன் கோயில் திருவிழா சமயத்தில் போங்கள். எந்த வீட்டாருக்கு எந்த முறை, யாருக்கு முதல் மரியாதை என்பதில் வீட்டுப்பெயர்கள் தானாக வெளியே வரும்.

ஏற்காட்டுப் பக்கம் முறை வேறு. சேர்வராயன் மலையில் ஊர்கள் சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என்று நாடாகப் பிரிந்திருந்தன. எந்த நாடு என்று கேட்டால்தான் பேச்சு பிடிபடும். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்து, ஒருவர் இந்த மலையிலும் மற்றவர்கள் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்ற கதையைச் சொல்வார்கள். முழுதாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மலைக்காரரும் தங்களை ஒரே வழியாக எப்படி நினைக்கிறார்கள் என்பது அதில் இருக்கிறது. அதன் ஓரத்தில் நீங்களாக ஓர் ஆண்டைப் போட்டு வரலாறாக்கிவிடாதீர்கள்.

படி 6: இப்போது பொருள்

இவ்வளவுக்கும் பிறகு பொருளைப் பார்க்கலாம். ஊரால் வந்தவை சுலபம். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண அரசுக்குத் தலைமை தாங்கியவர். அவர் வெறும் ப.சுப்பராயன். பிள்ளைகள் ராணுவத் தளபதி பி.பி.குமாரமங்கலம், மோகன் குமாரமங்கலம். பேரன் ரங்கராஜன் குமாரமங்கலம் சேலம் தொகுதியின் மக்களவை உறுப்பினராக இருந்தார். ஊர்ப்பெயர் சர்நேம் ஆக ஒரே தலைமுறை போதுமாக இருந்திருக்கிறது. எனவே 'தொன்றுதொட்டு' என்று எழுதும்முன் கொஞ்சம் யோசியுங்கள்.

பதவியால் வந்தவையும் அப்படித்தான். பரம்பரை கிராம அதிகாரிப் பதவிகளை அரசு 1980-ல் ஒழித்துவிட்டது. மணியகாரர் வீடும் கணக்குப்பிள்ளை வீடும் இன்றும் அதே பெயரில்தான் இருக்கின்றன.

குலப்பெயர்கள்தான் வழுக்கும் இடம். ஆந்தை குலம் என்றதும் எல்லோரும் பறவையைச் சொல்கிறார்கள். காடை, செம்பூத்து என்று பறவைப் பெயர்கள் பக்கத்திலேயே இருப்பதால் அது நியாயமாகவும் தோன்றும். ஆனால் அதே பட்டியலில் சாத்தந்தை, பொருளந்தை, பூச்சந்தை என்ற குலங்களும் இருக்கின்றன. தொல்காப்பியத்தில் ஆட்பெயரோடு 'தந்தை' சேரும்போது என்ன ஆகும் என்று விதியே உண்டு. சாத்தனுக்குத் தந்தை சாத்தந்தை, பூதனுக்குத் தந்தை பூந்தை, ஆதனுக்குத் தந்தை ஆந்தை. பிசிராந்தையார் பெயரில் இருக்கும் ஆந்தையையும் இப்படித்தான் விளக்குவார்கள், பிசிர் அவர் ஊர். ஆக, ஆந்தை குலத்தின் ஆந்தை மரப்பொந்தில் இருப்பதா, ஆதன் என்ற மகனைப் பெற்ற மூதாதையா? என் கட்சி இரண்டாவது. ஆனால் பறவையைச் சொல்கிற குடும்பத்தில் போய் அவர்கள் சொல்வது தப்பு என்று வாதாட மாட்டேன். இரண்டையும் எழுதி, எது யார் சொன்னது என்று குறித்துவைப்பேன். பெயரைத் தனியாக எடுத்து அகராதியில் தேடினால் பறவைதான் கிடைக்கும். மற்றக் குலப்பெயர்களோடு வைத்துப் பார்த்தால்தான் 'தந்தை' கண்ணில் படும்.

தெலுங்கு, கன்னட, சௌராஷ்டிரப் பெயர்களுக்குத் தமிழில் பொருள் தேடவே வேண்டாம். அந்த மொழி பேசுகிற பெரியவர் ஒருவரிடம் உச்சரித்துக் காட்டுங்கள். தெலுங்கு இன்டிபேர்களில் பல ஊர்ப்பெயர்கள்தான். 'பல்லி', 'கொண்டா' என்று முடிந்தால் முதலில் ஆந்திர, தெலங்கானா வரைபடத்தைப் பாருங்கள்.

படி 7: ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்

மேலே பெயர், கேட்ட உச்சரிப்பிலேயே. கீழே குலதெய்வம், காணியூர், பெண் எடுக்காத கூட்டங்கள், காகிதத்தில் கண்ட எழுத்துவடிவம், அது எந்த ஆண்டுக் காகிதம், சொன்னவர் யார், என்ன உறவு. பொருளுக்கு ஒரு வரி விட்டு, அதைப் பென்சிலால் நிரப்புங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதானால் உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியை எடுத்துவிடுங்கள். சில வங்கிகள் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைப் பாதுகாப்புக் கேள்வியாக வைத்திருக்கின்றன, அதையும் அங்கே பகிர வேண்டாம். போட்ட அன்றைக்கே சித்தப்பா ஒருவர் "இது தப்பு" என்று எழுதுவார். அவருக்கு உடனே போன் போடுங்கள், ரெக்கார்டரை ஆன் செய்துகொண்டு.