சிறிய கேம்பர் வேனில் தண்ணீரும் குளியலும்: திட்டமிடும் முறை

உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டியான கேம்பர் வேனில் தண்ணீர்த் தொட்டியின் அளவை, மிஞ்சும் இடத்தை வைத்து அல்ல, குளியலை வைத்தே முடிவு செய்ய வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் விடும் ஷவரை, சோப்புப் போடும்போது மூடிவிட்டு, மொத்தம் 2 நிமிடம் திறந்தால் ஒரு குளியலுக்கு 8 லிட்டர் செலவாகும். இருவர் இரண்டு நாள் குளிக்க 32 லிட்டர், குடிக்கவும் சமைக்கவும் பாத்திரம் கழுவவும் ஏறக்குறைய அதே அளவு என்று கொண்டால் 65 லிட்டர் தொட்டி போதும். நிறைந்தால் நீர் மட்டுமே 65 கிலோ என்பதால், அதை வண்டியின் சுமைத்திறனில் கழித்துக்கொண்டு, தொட்டியைத் தாழ்வாக, சக்கர அச்சுக்கு அருகில் இறுகக் கட்ட வேண்டும். தொட்டிக்குள் காற்று போய்வர வைக்கும் காற்றுக்குழாயை மறக்கக் கூடாது.

12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு (உள்ளே ஒரு சவ்வு அசைந்து நீரைத் தள்ளும் பம்பு), குழாயைத் திறந்ததும் அழுத்தம் குறைவதை உணர்ந்து தானாகவே ஓடும். அதற்கு முன்னால் வடிகட்டியும், மின்கம்பியில் ஃபியூஸும், கைக்கெட்டும் இடத்தில் சுவிட்சும் தேவை. எங்கேனும் ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போனால், சுவிட்சை அணைக்காவிட்டால் தொட்டி காலியான பின்னும் பம்பு நிற்காது.

வெந்நீருக்கு, அடுப்பில் கொதிக்கவைத்து வாளியில் கலந்து, சிறிய நீர்மூழ்கிப் பம்பால் ஷவருக்கு ஏற்றுவதே சிறிய வண்டிக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. புகைபோக்கி இல்லாத எரிவாயு கீசரை வண்டிக்குள் பொருத்தவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கக்கூடியது.

கழிவுநீருக்குத் தனித் தொட்டியும், நின்று குளிக்க, அதை நோக்கிச் சரியும் குளியல் தட்டும் வேண்டும்.