வெளிப்புற மரவேலை: கட்டையைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயிலிலும் மழையிலும் கிடக்கப்போகும் பெஞ்சுக்கோ கொடிப்பந்தலுக்கோ கட்டை வாங்குவோர் பெரும்பாலும் நகத்தால் கீறியும் கையில் தூக்கியும் பார்த்து, கனமாகவும் கெட்டியாகவும் இருப்பதே நெடுநாள் உழைக்கும் என்று முடிவு செய்கின்றனர். கெட்டித்தன்மை வேறு, மக்காமல் தாங்கும் தன்மை வேறு. பூஞ்சையையும் பூச்சியையும் விலக்குபவை முதன்மையாக மரத்தின் வைரப் பகுதியில், அதாவது நடுவிலுள்ள முதிர்ந்த பகுதியில், ஊறியுள்ள இயற்கையான வேதிப்பொருள்களே. மரங்கள் மக்காமல் தாங்கும் திறனை 5 வகுப்புகளாகப் பிரிக்கும் ஐரோப்பியத் தரநிலையில், கனத்த பீச் மரம் கடைசி வகுப்பில் இருக்கிறது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதியே கொண்ட, நகம் பட்டாலே தடம் விழுகிற வட அமெரிக்கச் செஞ்சிடாரோ 2ஆம் வகுப்பில் இருக்கிறது.

இதைவிடப் பரவலானது, மரத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்கும் தவறு. தேக்கு என்று சொல்லி விற்கப்படும் பலகை தேக்காகவே இருக்கலாம். ஆனால் அதன் விளிம்பில் ஓடும் வெளிறிய கீற்று, அதாவது வைரம் பாயாத வெள்ளைப் பகுதி, எந்த மரத்தினுடையதாக இருந்தாலும் வெளியில் சில ஆண்டுகளுக்கு மேல் நம்பத்தக்கதன்று. பலகையின் வெட்டுமுனையைச் சற்று நனைத்துப் பார்த்தால், பொன்பழுப்பு நிற வைரமும் வெளிர்மஞ்சள் வெள்ளையும் பிரியும் கோடு பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். இளம் வயதில் வெட்டப்பட்ட தோட்டத் தேக்கில் வெள்ளையின் பங்கு கூடுதலாக இருப்பதால், முதிர்ந்த தேக்கின் புகழை அதற்கு அப்படியே ஏற்றிவிடக் கூடாது.

மக்காமல் காக்கும் மருந்தை அழுத்தமுறையில் ஏற்றிய பைன் கட்டையில் நிலைமை தலைகீழாகிறது. மருந்தை நன்கு உறிஞ்சுவது வெள்ளைப் பகுதி. வைரம் அதை எளிதில் உள்ளே விடுவதில்லை. எனவே அத்தகைய கட்டையை அறுத்தால், மருந்து எட்டாத உட்பகுதி வெளிப்பட்டுவிடும் என்பதை நினைவில் வைத்து, ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் மருந்தை மீண்டும் பூச வேண்டும். பலர் இதைச் செய்வதேயில்லை. மருந்தேற்றிய கட்டை எல்லாம் ஒன்று என்று கருதுவதும் பிழை, ஏனெனில் தரைக்கு மேலே நிற்பதற்கும் மண்ணில் புதைவதற்கும் மருந்தின் அளவு வேறுபடுகிறது. ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்த மருந்தேற்றிய கட்டைகளை வீட்டு உபயோகத்திற்கென உற்பத்தி செய்வது அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டது. ஆகவே அந்த நஞ்சு இருக்கக்கூடிய, எங்கிருந்தோ கிடைத்த பழைய பச்சைநிறக் கட்டைகளைக் காய்கறிப் பாத்திக்குப் பயன்படுத்துவதும், அவற்றின் துண்டுகளை எரிப்பதும் வேண்டாம்.

நல்ல கட்டையையும் கெடுப்பது தேங்கும் நீர். ஈரப்பதம் 20 சதவீதத்திற்குக் கீழே இருக்கும் மரத்தில் மக்கவைக்கும் பூஞ்சை பொதுவாக வளர்வதில்லை. மண்ணில் நட்ட தூண் பெரும்பாலும் தரைமட்டத்தை ஒட்டியே முதலில் இற்றுப்போவதற்குக் காரணம், ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் இடம் அது என்பதுதான்: ஆழத்தில் காற்று குறைவு, மேலே மரம் உலர்ந்துவிடுகிறது. ஆகையால் தூணை உலோகத் தாங்கியின் மேல், தரையைத் தொடாமல் நிறுத்துவது, இன்னும் ஒரு படி உயர்ந்த மரத்தை வாங்குவதைக் காட்டிலும் பயன்தரும் என்பது என் கருத்து. வெட்டுமுனை பக்கப்பரப்பைவிடப் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும் என்பதால், பெஞ்சுக் கால்களின் அடியை எண்ணெயோ மெழுகோ கொண்டு அடைப்பது அவசியம்.

ஆணியிலும் திருகாணியிலும் சிக்கனம் பார்ப்பதும் தவறே. ஓக் போன்ற, டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்த மரத்தில் சாதாரண இரும்பு பட்டால் கருங்கறை படியும்; செம்பு கலந்த மருந்தேற்றிய கட்டையில் இரும்பு விரைவில் அரிக்கப்படும். இரண்டிற்கும் துருப்பிடிக்காத எஃகே ஏற்றது. பளபளப்பான வார்னிஷ் வெயிலில் வெடித்து, விரிசல் வழியே நுழையும் நீரை அடியிலேயே தேக்கிவைக்கும்; அதைச் சுரண்டி எடுத்து மறுபடி பூசுவதைவிட, ஆண்டுதோறும் எண்ணெய் தடவுவது எளிது.