பாதி ஆள் சேர்ந்தால் பாதி ஆய்வு முடிந்ததா? இன்டரிம் பகுப்பாய்வுக்கு நாள் குறிப்பதில் நடக்கும் தவறுகள்

மருத்துவ ஆய்வுப் புள்ளியியலுக்குப் புதிதாக வருபவர்களின் புரோட்டோகால் (ஆய்வுத் திட்ட ஆவணம்) வரைவுகளில் ஒரே வரி திரும்பத் திரும்பத் தென்படுகிறது: "50 சதவீத நோயாளிகள் சேர்ந்ததும் இன்டரிம் பகுப்பாய்வு நடைபெறும்." இன்டரிம் என்பது ஆய்வு முடியும் முன்பே, அதுவரை சேர்ந்த தரவைப் பார்ப்பது. தரவை அடிக்கடி பார்த்தால் ஆல்ஃபா (பலனில்லாத மருந்தைப் பலனுள்ளது என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு) வீங்கும் என்பது இவர்களுக்குத் தெரியும். 0.05 அளவிலேயே ஐந்து முறை சோதித்தால், ஒன்றுக்கும் உதவாத மருந்தும் 14 சதவீத வாய்ப்பில் 'ஜெயித்துவிடும்' என்பது வகுப்பிலேயே வந்துவிடுகிறது. அதை விடுவோம். எதை எண்ணிப் 'பாதி' என்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஆட்களை எண்ணுவது

ஒரு புற்றுநோய் ஆய்வை எடுத்துக்கொள்வோம். முடிவு அளவு, உயிர்பிழைப்புக் காலம். 700 பேர், மாதத்துக்கு 30 பேர் வீதம் சேர்க்கை. கணக்கு எளிதாக, இரு குழுவிலும் மீடியன் உயிர்பிழைப்பு (பாதிப்பேர் இறக்க ஆகும் காலம்) 18 மாதம் என்று வையுங்கள். ஹசார்டு ரேஷியோ 0.75-ஐ, அதாவது மருந்துக் குழுவில் இறப்பு வேகம் கால் பங்கு குறைவதை, சுமார் 80 சதவீதப் பவருடன் (உண்மையான பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) பிடிக்க 400 இறப்புகள் வேண்டும். இங்கே தகவல் என்பது அந்த இறப்புகள்தான். ஆட்கள் அல்ல, மாதங்களும் அல்ல.

350-வது நோயாளி பன்னிரண்டாம் மாதவாக்கில் சேர்வார். அன்றைக்கு எதிர்பார்க்கக்கூடிய இறப்புகள் 68 அளவில்தான் இருக்கும். 68-ஐ 400-ஆல் வகுத்தால் தகவல் விகிதம் 17 சதவீதம். ஓ'பிரையன்–ஃபிளெமிங் வகை லான்–டிமெட்ஸ் ஸ்பெண்டிங்கில் (மொத்த ஆல்ஃபாவைத் தகவல் சேரச் சேரச் செலவிடும் முறை; தொடக்கத்தில் மிகக் கொஞ்சமே தரும்) அந்த இடத்தில் கிடைக்கும் இருபக்க ஆல்ஃபா ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு. எந்த மருந்தும் தாண்டாத எல்லை அது. டேட்டாபேஸைப் பூட்டி, டிஎஸ்எம்பியை (தரவையும் பாதுகாப்பையும் கண்காணிக்கும் குழு) கூட்டி, தனிப் புள்ளியியலாளர் குழுவுக்குப் பணம் கொடுத்து, கடைசியில் "தொடரலாம்" என்ற ஒரு வரியை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. 50 சதவீதத்துக்குக் கணக்கிட்ட 0.003 என்ற P மதிப்பு எல்லையை அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்து 68 இறப்புகள் மேல் வைப்பது. அதைத் தாண்ட ஹசார்டு ரேஷியோ 0.49-க்குக் கீழே விழ வேண்டும். எதிர்பார்த்ததே 0.75 என்றால், அப்படி நின்ற ஆய்வு சொல்லும் பலன் ஊதிப் பெருத்ததாகத்தான் இருக்கும். 200 இறப்புகளில் அதே எல்லைக்கு 0.66 போதும். பின்னால் யாராவது மறுபடி செய்து பார்க்கும்போது பலன் சுருங்கினால், பழி மருந்தின் மேல் விழும்.

சரி, 200-வது இறப்பு எப்போது வரும்? இதே அனுமானங்களில் 21-ஆம் மாதம். அதற்குள் 630 பேர் சேர்ந்திருப்பார்கள். தரவைச் சுத்தம் செய்ய ஆறு வாரம், அறிக்கைக்கும் கூட்டத்துக்கும் இரண்டு வாரம். டிஎஸ்எம்பி மேசைக்குக் காகிதம் வரும்போது ஏறக்குறைய 700 பேரும் உள்ளே இருப்பார்கள். "இன்டரிம் வைத்தால் பாதி நோயாளிகள் மிச்சம்" என்று நிதி விண்ணப்பத்தில் எழுதுவது இங்கே வெறும் பேச்சு. மிச்சமாவது காலம்தான்: 400-வது இறப்பு 34, 35-ஆம் மாதத்தில்தான் வரும், ஆகவே ஓராண்டு கையில் கிடைக்கும். அதற்காகவே இன்டரிம் வைக்கலாம். ஆனால் எதற்காக வைக்கிறோம் என்பதை நேராக எழுதுங்கள்.

புரோட்டோகாலில் "200-வது இறப்பு உறுதியானதும்" என்று எண்ணிக்கையைப் போடுங்கள். மீடியன் 15, 18, 22 மாதம் என மூன்று விதமாக ஓட்டி, அந்த எண்ணிக்கை எந்த மாதத்தில் வரும், அப்போது எத்தனை பேர் சேர்ந்திருப்பார்கள் என்று பாருங்கள். ஆய்வு ஓடும்போது குழு பிரிக்காத மொத்த இறப்புகளை மாதாமாதம் எண்ணிவாருங்கள். 180-ஐத் தொட்டதும் மையங்களுக்குத் தகவல் போகட்டும். நிலுவையில் கிடக்கும் இறப்புப் படிவங்கள் அப்போதுதான் வந்துசேரும்.

எல்லையை முன்கூட்டியே கல்லில் செதுக்குவது

குறித்த எண்ணிக்கையில் கூட்டம் அமைவது அபூர்வம். அமெரிக்காவில் மாரடைப்பு நோயாளிகள் 3837 பேரிடம் புரோபிரனலாலைச் சோதித்த பீட்டா பிளாக்கர் ஆய்வு 1981-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அதன் எல்லைகள் ஏழு சமமான பார்வைகளுக்குப் போட்டவை; ஆனால் கூட்டங்களுக்கு இடையே சேர்ந்த தகவல் சமமாக இருக்கவில்லை. 1983-இல் லானும் டிமெட்ஸும் தந்த ஸ்பெண்டிங் முறை இந்தச் சிக்கலுக்கான தீர்வு. மாடர்னாவின் கோவிட் தடுப்பூசி ஆய்வில் முதல் இன்டரிம், அறிகுறியுள்ள கோவிட் நோயாளிகள் 53 பேர் சேர்ந்ததும் நடக்க வேண்டும். 2020 நவம்பரில் பகுப்பாய்வுக்கு வந்தவை 95.

நம் எடுத்துக்காட்டில் 200-க்குப் பதில் 218 வந்தால் எல்லை 0.003 அல்ல, 0.0048. 180 என்றால் 0.0017. வெட்டு நாளில் உள்ள எண்ணிக்கையைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள். புரோட்டோகாலில் இருக்க வேண்டியது ஸ்பெண்டிங் சார்பு (எவ்வளவு தகவலுக்கு எவ்வளவு ஆல்ஃபா என்ற சூத்திரம்). P மதிப்பு வெறும் எடுத்துக்காட்டு.

ஃபியூட்டிலிட்டியை (தொடர்ந்தாலும் பயனில்லையா என்பதை) முந்திப் பார்ப்பது

இம்யூனோதெரபியில் இரு குழுக்களின் உயிர்பிழைப்புக் கோடுகள் முதல் சில மாதங்கள் ஒட்டிக்கொண்டே போவது வழக்கம். மேலே சொன்ன பன்னிரண்டாம் மாதத்தில், சேர்ந்தவர்களைச் சராசரியாக ஆறு மாதம்கூடப் பின்தொடர்ந்திருக்க மாட்டோம். அப்போது கண்டிஷனல் பவர் (இதுவரையான தரவை வைத்து, இறுதியில் வெல்லும் வாய்ப்பு) கணக்கிட்டால் நல்ல மருந்தும் தோற்றதாகவே தெரியும். இந்த வகை மருந்துகளுக்கு இறப்பு எண்ணிக்கையோடு குறைந்தபட்சக் கண்காணிப்புக் காலத்தையும் நிபந்தனையாகச் சேருங்கள்.

முடிவின் போக்கைப் பார்த்து அடுத்த நாளைக் குறிப்பது

கூடாது. z (பலனின் சோதனை மதிப்பு) எல்லையை நெருங்குகிறது என்று கூட்டத்தை முன்னே இழுத்தால் ஸ்பெண்டிங் முறை தரும் உத்தரவாதம் போய்விடும்.

இறுதிப் பகுப்பாய்வில் 0.05 என்றே எழுதுவது

பாதியில் ஒருமுறை பார்த்திருந்தால் 0.049.

பாதுகாப்புக் கூட்டத்தில் 'சும்மா' ஹசார்டு ரேஷியோவைக் காட்டுவது

அதுவும் ஒரு பார்வைதான். காட்டியே ஆக வேண்டுமென்றால் ஒரு சிறு ஆல்ஃபாவை, 0.0001 போல, அதற்கென்று முன்பே ஒதுக்கி எழுதிவையுங்கள்.