குதிரைக்கு ஒட்டும் மீள்தன்மை நாடா: சவாரி மாடு வளர்ப்போர் கவனத்துக்கு

மாட்டுவண்டிச் சவாரிக்கு விட்ட மாட்டின் தோள் மறுநாள் இறுகிப்போவதை வன்னியில் மாடு வளர்ப்போர் நன்கு அறிவர். இத்தகைய தசைப்பிடிப்புக்கு வெளிநாடுகளில் குதிரைகளுக்கு ஒட்டப்படும் மீள்தன்மை நாடா, 1970களில் ஜப்பானியரான கென்சோ காசே மனிதருக்காக உருவாக்கிய நாடாவிலிருந்து வந்ததாகும். அதில் மருந்து எதுவும் இல்லை; குதிரைகளில் அதன் பலனைக் காட்டும் ஆய்வுகளும் குறைவாகவே உள்ளன. ஆகவே அதனை வைத்தியத்துக்குத் துணையாக மட்டுமே கொள்ள வேண்டும்.

ஒட்டும் முறையே இதில் முக்கியமானது. எண்ணெயும் வியர்வையும் செம்மண் புழுதியும் போகக் கழுவி, மயிர் முற்றாக உலர்ந்த பின்னர், நாடாவின் மூலைகளை வட்டமாக வெட்டி, இரு முனைகளிலும் ஏறத்தாழ இரண்டு அங்குலத்தைச் சிறிதும் இழுக்காமலும் நடுப்பகுதியை மட்டும் இலேசாக இழுத்தும் ஒட்டி, பசை பிடிக்கும்வரை உள்ளங்கையால் மயிர் படிந்த திசையிலேயே தேய்த்துவிட வேண்டும். முனையை இழுத்து ஒட்டினால் அவ்விடத்துத் தோல் புண்ணாகிவிடும். காலைச் சுற்றிக் கட்டுவது இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் என்பதால் அதனைச் செய்யவே கூடாது.

காயம், சீழ், கட்டி உள்ள இடங்களில் இதனை ஒட்டலாகாது. மாடு நொண்டினாலோ வீக்கம் சூடாக இருந்தாலோ நாடாவைத் தேடாமல் உடனே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். வாயில்லாச் சீவன் வலியைச் சொல்லாது. மாட்டுக்கு இதனைப் பயன்படுத்துவதையும் அவரிடம் கேட்டே தீர்மானியுங்கள். கழற்றும்போது வெடுக்கென இழுக்காமல், தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்தவாறு மயிரின் போக்கிலேயே மெதுவாக உரியுங்கள்.